நோயாளிக்குப் பக்கவாத்தியம்

வேலூரில் வயலின் சொல்லிக்கொடுப்பவளிடம் வரும் கேள்விகள் வேறு ஊர் வயலின் டீச்சர்களுக்கு வருமா, சந்தேகம்தான். "சர்க்கரைக்கு எந்த ராகம் கேக்கணும் டீச்சர்?" "எங்க மாமனாருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. தினமும் ஆனந்தபைரவி போட்டுவிட்டா கை வருமா?" சத்துவாச்சாரியில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். இது ஆஸ்பத்திரி ஊர். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, ஸ்கேன் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் ஊர். இங்கே எந்தப் பேச்சும் கடைசியில் மருந்துச்சீட்டில்தான் போய் நிற்கும். இசையை மட்டும் விட்டுவைப்பார்களா?

கேள்விகளுக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். இன்ன ராகம் ரத்தக் கொதிப்புக்கு, இன்ன ராகம் தூக்கத்துக்கு, இன்ன ராகம் மூட்டு வலிக்கு. நீலாம்பரி கேட்டால் கண் சொக்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த ராகத்தில் தாலாட்டுக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் அதே நீலாம்பரியைத் தாலாட்டே கேட்டிராத ஒருவருக்குப் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. யாருக்கு, எந்த நிலையில், யார் வாசித்து, பிறகு என்ன ஆயிற்று என்ற விவரமும் இல்லை. ராகம் இருக்கிறது, நோய் இருக்கிறது. ஆளைத்தான் காணோம்.

இந்த எரிச்சலில் இசை சிகிச்சை என்று உலகத்தில் உண்மையாகவே என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் மனசில் உட்கார்ந்துகொண்டவர் ஜூலியட் ஆல்வின்.

1897-ல் பிரான்சில் லிமோஜ் நகரில் பிறந்தவர். பாரிஸ் இசைக் கல்லூரியில், வயலின் குடும்பத்தின் பெரிய கருவியான செல்லோ படித்தார். அப்புறம் பாப்லோ காசல்ஸிடம் பாடம். செல்லோக்காரர்களுக்கு காசல்ஸ் யார் என்று நம் பக்கத்தில் விளக்க வேண்டுமானால், அவரிடம் பாடம் கேட்டேன் என்று சொன்னாலே சபையில் முதல் வரிசையில் இடம் கிடைக்கும், அவ்வளவு பெரிய கை. ஆல்வின் ஐரோப்பாவில் கச்சேரிகள் செய்தார், இங்கிலாந்துக்காரரைத் திருமணம் செய்துகொண்டு லண்டனில் தங்கிவிட்டார். இதுவரைக்கும் வழக்கமான கதைதான். நன்றாக வாசித்த ஒரு கலைஞர்.

விஷயம் இதற்குப் பிறகுதான். குழந்தைகளுக்கு வாசிக்கப் போனவர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் இருந்த இடங்களுக்கும் செல்லோவைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே கைதட்டல் கிடையாது. ஒரு குழந்தை எழுந்து ஓடும், இன்னொன்று கருவியின் மரத்தில் கன்னத்தை வைத்து அதிர்வைக் கேட்கும், வேறொன்று கத்தும். கச்சேரிக் கலைஞருக்கு இதெல்லாம் இடைஞ்சல். ஆல்வின் அதைத்தான் கவனிக்கத் தொடங்கினார்.

1958-ல், வயது அறுபதை எட்டிய பிறகு, பிரிட்டனில் இசை சிகிச்சைக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார். நம் ஊரில் அந்த வயதில் ஆசிரியர்களுக்குச் சால்வை போர்த்தி, வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்து, ஜீப்பில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். எழுபதை எட்டிய பிறகு, 1968-ல், லண்டனில் கில்ட்ஹால் இசை நாடகப் பள்ளியில் இசை சிகிச்சைக்கான முதுநிலைப் பட்டயப் படிப்பைத் தொடங்கினார். 1978-ல், எண்பதைத் தொட்டவர், ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு செய்த வேலையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜப்பானுக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தார். 1982-ல் காலமானார். அதே ஆண்டில்தான் பிரிட்டனின் அரசு மருத்துவத்துறை இசை சிகிச்சையாளர்களுக்கென்று தனிப் பணிநிலையையும் சம்பள விகிதத்தையும் ஏற்றுக்கொண்டது.

அவரை முன்னோடி என்கிறோம், சரி. ஆனால் உலகத்திலேயே முதல் ஆள் அவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் 1944-லேயே இசை சிகிச்சைப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் தேயர் காஸ்டன் 1940-களிலேயே மாணவர்களைத் தயார் செய்தார். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களால் அங்கே ஆஸ்பத்திரிகள் நிரம்பின. பாட வந்த இசைக்கலைஞர்கள் நல்ல மனசுள்ளவர்கள்தான், ஆனால் நோயாளியிடம் எப்படிப் பழகுவது என்று தெரியாதவர்கள். அவர்களுக்குப் பாடம் வேண்டும் என்ற நெருக்கடியில் பிறந்தது அந்தப் படிப்பு. ஆல்வின் பிரிட்டனில் அதைத் தன் வழியில், ஒரு செல்லோவோடு, செய்தார்.

அவருடைய வழி என்ன? நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, எந்த விதியும் கிடையாது. வருகிறவர் எந்தக் கருவியை வேண்டுமானாலும் எடுக்கலாம், எப்படி வேண்டுமானாலும் தட்டலாம், இழுக்கலாம், ஊதலாம். தப்பு சுரம் என்று ஒன்று இல்லை. சரளி வரிசையில் ஒரு மாசம் உட்கார வைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். இரண்டாவது, சிகிச்சையாளரும் நோயாளியும் அந்த இசைக்குள் சமம். ஒருவர் குரு, ஒருவர் சிஷ்யன் கிடையாது. டாக்டர், பேஷன்ட் என்ற மேடு பள்ளமும் அங்கே இல்லை. மூன்றாவது, கருவிக்கு அவர் கொடுத்த இடம். மனுஷ முகத்தைப் பார்க்கவே முடியாத குழந்தை செல்லோவைப் பார்க்கும், தொடும். முதல் உறவு பொருளோடு. அது பிடிபட்ட பிறகு தன்னோடும், எதிரில் உட்கார்ந்து வாசிக்கும் ஆளோடும். அதற்கும் அப்புறம்தான் வீடு, வெளியுலகம். இந்த வரிசையை அவர் அவசரப்படுத்தவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் பக்கவாத்தியம்தான் நினைவுக்கு வந்தது. ஆலாபனையில் பாடுகிறவர் எங்கே போகப்போகிறார் என்று வயலின்காரருக்குத் தெரியாது. ஒரு நூலிழை பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவர் நின்றால் அவர் நின்ற சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவர் மூச்சு வாங்கும்போது இடத்தை நிரப்ப வேண்டும், ஆனால் அவரைத் தாண்டிப் போகக்கூடாது. தாண்டிப் போகிற வயலின்காரர்கள் உண்டு. கைதட்டல் வாங்குவார்கள், அடுத்த கச்சேரிக்குப் பாடகர் கூப்பிட மாட்டார். ஆல்வின் தன் மாணவர்களுக்குக் கேட்டது இந்தப் பக்கவாத்திய புத்தியைத்தான். கச்சேரியின் நாயகர் நோயாளி. அவர் ஒரே ஒரு தட்டு தட்டுகிறாரா, அந்தத் தட்டுக்குப் பின்னால் போ.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வட ஆற்காட்டில் வளர்ந்த யாருக்கும் இப்படிப் பின்னால் போகிற வாசிப்பு புதுசு இல்லை. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருப்பவர்கள் பம்பைக்காரரைக் கவனித்துப் பாருங்கள். சாமி வரப்போகிறவரின் முகத்தை விட்டு அவர் கண் நகராது. தோள் லேசாகக் குலுங்கினால் காலத்தைக் கொஞ்சம் ஏற்றுவார். ஆள் தடுமாறினால் உடனே இறக்குவார். உடுக்கை கூடவே வரும். அந்தத் தாளத்தை ஓட்டுவது பம்பையா, ஆடுகிறவரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எந்தக் கல்லூரியும் அவருக்கு இதைக் கற்றுத்தரவில்லை. அதற்காக "பாருங்கள், இசை சிகிச்சை நம்மிடம் ஏற்கெனவே இருந்தது" என்று நான் சொல்ல வரவில்லை. அது வழிபாடு, அதற்கு அதன் நோக்கம். ஆனால் எதிரில் இருப்பவரின் உடம்பைப் பார்த்து வாசிக்கும் கை நம் ஜில்லாவில் நிறைய இருக்கிறது. அதை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பாகாயம் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் போகிறேன். நான் சிகிச்சையாளர் இல்லை. அங்கே போய் வாசிப்பது, பிள்ளைகளோடு உட்காருவது, அவ்வளவுதான் என் வேலை. ஒரு பையன், ஏழெட்டு வயசு இருக்கும். பேச்சு வரவில்லை. வயலினைக் கண்டால் வந்து அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். நான் வில்லைப் போட்டால் கை அப்படியே இருக்கும், நிறுத்தினால் மரத்தை இரண்டு தரம் தட்டுவான். வேறு எதுவும் இல்லை. இரண்டு தட்டுக்கு நான் இரண்டு வில். மூன்று தட்டினால் மூன்று. ஒரு நாள் அவன் தட்டிவிட்டு, என் வில் வரும் முன்னால், என்னை ஒரு பார்வை பார்த்தான். அவன் அம்மா கதவருகே நின்றிருந்தார். "இன்னாக்கா, இவன் எப்பக்கா பாட்டுக் கத்துக்குவான்?" என்று கேட்டார். "பாட்டு இருக்கட்டும்மா, இப்ப என்னைப் பார்த்தான், கவனிச்சீங்களா?" என்றேன். அவருக்கு அது பெரிய பதிலாகத் தோன்றவில்லை. தோன்றவேண்டும் என்றும் இல்லை. பிள்ளை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று காத்திருப்பவர் அவர்.

அந்தப் பார்வைக்கு ஆல்வினின் வரிசையில் ஒரு இடம் இருக்கிறது, பொருளிலிருந்து ஆளுக்கு நகரும் இடம். ஆனால் நான் அங்கேயே நிற்கிறேன். அடுத்து என்ன செய்வது, எப்போது செய்வது, எப்போது செய்யாமல் இருப்பது என்று எனக்குத் தெரியாது. படித்த சிகிச்சையாளருக்குத் தெரியும். இசை தெரிந்தவருக்கும் இசை சிகிச்சையாளருக்கும் நடுவில் இருக்கும் தூரம் அதுதான், கில்ட்ஹாலில் ஆல்வின் நடத்திய வகுப்பு கடக்கவைத்தது அந்தத் தூரத்தைத்தான். ஏற்கெனவே தேர்ந்த இசைக்கலைஞர்களைச் சேர்த்து, மருத்துவமனைகளுக்கு அனுப்பி, டாக்டர்களோடும் மற்ற சிகிச்சையாளர்களோடும் உட்காரவைத்து, பார்த்ததை எழுதவைத்து, எழுதியதைக் கேள்வி கேட்டு. அங்கே படித்தவர்களில் மேரி பிரீஸ்ட்லி என்பவர் பிறகு மனநல மருத்துவமனையில் தனக்கென்று வேறொரு முறையையே உருவாக்கினார். குருவைத் தாண்டிப் போகிற சிஷ்யை வந்தால் அது படிப்பாக ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பால் நார்டாஃப், கிளைவ் ராபின்ஸ் என்ற இரட்டையரும் 1959-ல் பிரிட்டனில் தொடங்கி, குழந்தைகளோடு வேறு விதமாக வேலை செய்தார்கள். ஒருவர் அமெரிக்க இசையமைப்பாளர், மற்றவர் சிறப்புப் பள்ளி ஆசிரியர். அவர்களும் 1974-ல் லண்டனில் பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். இரண்டு பாணிக்காரர்களுக்கும் நடுவில் நம் பாணிச் சண்டைகளைப் போலவே பேச்சுகள் உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

இப்போது பலன். இதைச் சொல்லாமல் இசை சிகிச்சையைப் புகழ்ந்துகொண்டே போனால் அந்த வாட்ஸ்அப் பட்டியலுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. 2017-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஒன்பது நாடுகளில், ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகள், நான்கு முதல் ஏழு வயது வரை. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்போடு, ஆல்வின் காலத்திலிருந்து வரும் அந்தக் கூடவே வாசிக்கும் இசை சிகிச்சை. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால், ஆட்டிச அறிகுறிகளின் தீவிரத்தில் இரு சாராருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்தத் துறைக்காரர்களுக்கு இது சங்கடமான முடிவு. 2022-ல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பொதுவான முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் தெரிந்தது, ஆனால் பழகுவதிலும் பேச்சிலும் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. பலன் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. அந்த அம்மாவிடம் இதைத்தான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

ஆனால் எனக்கு அந்த 2017 ஆய்வின் மீது பெரிய மரியாதை. ஒன்பது நாடுகளில் ஒரே மாதிரியான வேலையைச் செய்யப் படித்த ஆட்கள் இருந்ததால்தான் அதைச் சோதிக்கவே முடிந்தது. தோற்றதையும் அச்சில் போட்டார்கள். ராகப் பட்டியல் தோற்கவே தோற்காது, ஏனென்றால் அது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பக்கவாதத்தில் கதை இன்னும் தெளிவு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர். இடது மூளையில் அடைப்பு. "தண்ணி" என்று கேட்கக்கூட வாய் வராது. மார்கழியில் பஜனைக் கோஷ்டி போகும்போது கட்டிலில் இருந்தபடியே சாமிப் பாட்டில் இரண்டு அடி முழுசாகப் பாடினார். வீட்டில் எல்லோரும் அழுதார்கள், சாமி வந்துவிட்டது என்றார்கள். பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருப்பதை மருத்துவர்கள் வெகுகாலமாகவே பார்த்திருக்கிறார்கள். பாஸ்டனில் மூன்று பேர் 1973-ல் அதை ஒரு முறையாகவே ஆக்கினார்கள். அன்றாடம் தேவைப்படும் ஒரு சின்னச் சொற்றொடரை எடுத்து, அதன் ஏற்ற இறக்கத்தை மெட்டாக மிகைப்படுத்தி, நோயாளியின் இடது கையைத் தாளத்துக்குத் தட்டிக்கொண்டே கூடச் சேர்ந்து பாடுவது. பிறகு சிகிச்சையாளர் மெல்ல மெல்ல விலகுவார், மெட்டும் மெல்ல மெல்லப் பேச்சாகும். அதிசயம் என்று விட்டுவிட்டால் இரண்டு அடி சாமிப் பாட்டோடு நின்றுபோகும். முறையாக்கினால் "தண்ணி வேணும்" வரைக்கும் போக வாய்ப்பு உண்டு, எல்லோருக்கும் இல்லாவிட்டாலும். அதேபோல பார்க்கின்சன் நோயில் கால் தயங்குகிறவர்களுக்குச் சீரான தாளத்தைக் கேட்டபடி நடக்கும் பயிற்சி. மைக்கேல் தௌட் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990-களில் இதை அளந்து காட்டினார்கள், நடையின் வேகமும் எட்டு வைக்கும் நீளமும் கூடின. சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவி ஒன்று போதும். தவில்காரர் கிடைத்தால் இன்னும் விசேஷம் என்பது என் சொந்தக் கருத்து.

ஆல்வினை வேலூரில் உட்கார்ந்து படிக்கும்போது இந்த ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடரை நினைக்காமல் இருக்க முடியாது. ஐடா 1900-ல் தனி ஆளாக இங்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அவர் அதோடு நின்றிருந்தால் நல்ல டாக்டரம்மா என்ற பெயரோடு முடிந்திருக்கும். 1909-ல் செவிலியர் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. தான் செய்வதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் தான் போன பிறகும் நடக்கும் என்ற கணக்கு. மேரி வர்கீஸ் கதையும் அதே கணக்குத்தான். 1954-ல் விபத்தில் முதுகெலும்பு போய், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தவர், அப்புறம் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்து இங்கே அந்தத் துறையை நிறுவினார். 1966-லிருந்து பாகாயத்தில் அந்த மறுவாழ்வு நிலையம் நடக்கிறது. தொழுநோயாளிகளுக்கு அறுவை செய்த டாக்டர் பால் பிராண்ட் தசைநாரை மாற்றி வைத்து மடங்கிய விரலை நிமிர்த்தினார் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த விரலுக்குப் புது வேலையைப் பழக்கிக் கொடுத்த பயிற்சியாளர்களைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அறுவை சில மணி நேரம், பழக்கம் வாரக்கணக்கு. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்றும் இங்கே இருக்கிறது. பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கும் வழக்கம் 1950-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. ஆல்வின் கடைசிப் படியாக வைத்த குடும்பம், வேலூரில் முதல் நாளிலிருந்தே அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஒரு இசை சிகிச்சைப் படிப்பு வந்தால் அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றி எழுதவேண்டியிருக்கும். பாட்டியும் அத்தையும் கூட உட்கார்ந்து கைதட்டுவார்கள், தப்பாகத்தான் தட்டுவார்கள், பிள்ளை அவர்களைப் பார்த்துத்தான் முதலில் சிரிக்கும்.

அப்படி ஒரு படிப்பு இங்கே வந்தால் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் எனக்குக் கவலை. கர்நாடக சங்கீத டிப்ளமா கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். அப்போது வரிசையில் நிற்பது என் மாதிரி ஆட்கள். சுருதி சுத்தம், ராகம் தெரியும், பிள்ளை தப்பாகத் தட்டினால் முகம் சுளிக்கிறவர்கள். குடியாத்தம் பம்பைக்காரர் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறான். ஆளைப் பார்த்து வாசிக்கும் கை அவனுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. உடற்கூறும் உளவியலும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், இரண்டு வருஷத்தில் வரும். எனக்கு அந்தக் கையைச் சொல்லிக்கொடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று யோசிக்கிறேன். அவனைச் சேர்க்க வேண்டும் என்றால் உதவித்தொகை வேண்டும், ஷூ கம்பெனிச் சம்பளத்துக்குக் குறையாமல். அப்புறம், படித்து முடித்து வந்தால் ஆஸ்பத்திரிகளில் அவனுக்கு ஒரு போஸ்ட் வேண்டும், வருகைப் பதிவேட்டில் பெயர் வேண்டும். பிரிட்டனில் ஆல்வின் சங்கம் தொடங்கியதிலிருந்து அது வர இருபத்து நான்கு வருஷம் பிடித்தது.